கடைசி வரிசையில் கிடைத்த பாட்டு

மதுக்கரையில் எங்கள் சபையின் பாடகர் குழுவில் பல வருடம் இருந்தேன். எழுபது தாண்டியதும் குரல் நடுங்கத் தொடங்கியது. "இனி ரெஸ்ட் எடுத்துக்குங்கம்மா" என்று ஆயர் பணிவாகத்தான் சொன்னார். எனக்கோ மனம் கசந்துவிட்டது. அடுத்த ஞாயிறு கடைசி வரிசையில் போய், வாயே திறக்காமல் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் ரூத்தம்மா. என்னைவிட மூத்தவர், காது சுத்தமாகக் கேட்காது. பாட்டுப் புத்தகத்தை என் மடியில் வைத்தார்.

"ஏனுங்க, எந்த வரி பாடறாங்கன்னு எனக்குத் தெரியறதில்லீங்க. விரல் வெச்சுக் காட்டுங்க, நான் பாடிக்கிறேன்."

காட்டினேன். ராகமே இல்லாமல், முகமெல்லாம் சிரிப்பாக உரக்கப் பாடினார். அவர் வேகத்துக்கு என் விரலும் மெதுவாகத்தான் நகர்ந்தது. சபையார் பாடி முடித்தபோது எங்களுக்கு இன்னும் இரண்டு வரி மீதமிருந்தது.

விரலை எடுத்திருந்தால் நிறுத்தியிருப்பார். எடுக்க மனம் வரவில்லை. கோயில் அமைதியாக இருக்க, அவர் குரல் மட்டும் ஒலித்தது. சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அவரைத் தனியாக விடக்கூடாதென்று நானும் நடுங்கும் குரலில் சேர்ந்துகொண்டேன்.

இப்போது ஞாயிறென்றால் கடைசி வரிசைக்கு முதல் ஆளாகப் போய்விடுகிறேன். குழுவில் இருந்த வரைக்கும், சுருதி பிசகிவிடுமோ என்ற கவலையோடே பாடினேன். ஆண்டவருக்கென்று நான் பாடியது அந்த இரண்டு வரியிலிருந்துதான்.