மருந்துக் கவுண்டருக்கு இந்தப் பக்கம்

டாக்டர் எழுதியதைப் படித்து, எடுத்து, கவரில் போட்டுக் கொடுக்க என்ன பெரிய படிப்பு என்று கேட்காத ஆளை இந்தச் செங்கல்பட்டில் நான் இன்னும் பார்க்கவில்லை. மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் சக பாவிகளே, உங்களையும் கேட்டிருப்பார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கு மருந்துக் கடை. ஜிஎஸ்டி ரோட்டில் உள்ள ஒரு காலேஜிலிருந்து ஃபார்மசி மாணவர்கள் என்னிடம் பயிற்சிக்கு வருவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை நானும் அங்கே போய் முதல் வருஷப் பிள்ளைகளுக்கு இந்தத் தொழிலைப் பற்றிப் பேசுவேன்.

ஒரே ஒரு கை

முதல் தடவை போனபோது கிளாஸ் நிறைய ஆள். ஆனால் கல்யாணத்தில் பாயசம் தீர்ந்துபோன பந்தியில் உட்கார்ந்தவர்கள் மாதிரி முகங்கள். பாதிப் பேர் டாக்டர் சீட் கிடைக்காமல் வந்தவர்கள். மீதிப் பேர் ஏன் வந்தோம் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருந்தவர்கள்.

"ஆசைப்பட்டு இந்தப் படிப்புக்கு வந்தவங்க கை தூக்குங்க" என்றேன். கடைசி பெஞ்சில் ஒரு கை எழுந்தது. எழுந்து நிற்கச் சொன்னேன். பெயர் சுகன்யா, ஊர் கருங்குழி. எல்லாரையும் அவளுக்காகக் கைதட்ட வைத்தேன். சத்தம் அடங்கியதும் மெதுவாகச் சொன்னாள்: "மேடம், ஃபேன் ஓடலன்னு சொல்லத்தான் கை தூக்கினேன்."

போன மாசத்து மாத்திரை

அந்த சுகன்யாதான் கடைசி வருஷத்தில் என் கடைக்கே பயிற்சிக்கு வந்தாள். இரண்டாம் நாள், சளி பிடித்த ஒருவர் வந்து, போன மாசம் வேறு கடையில் வாங்கிய ஆன்டிபயாட்டிக்கில் மூன்றே மூன்று கேட்டார். டாக்டர் எழுதிய சீட்டு இல்லை. சுகன்யா என்னைப் பார்த்தாள். நீயே பேசு என்று நான் தள்ளி நின்றுகொண்டேன். டாக்டரைப் பார்க்காமல் அந்த மாத்திரை சாப்பிடக் கூடாது, அதுவும் பாதியில் நிறுத்தவே கூடாது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னாள். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, கடையை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப இன்னாத்துக்கும்மா கடைய தொறந்து வச்சிகினு கீறீங்க?"

சுவருக்கு ஒரு படிப்பு

ஒரு சனிக்கிழமை சுகன்யாவின் அப்பா வந்தார். விவசாயம் பார்ப்பவர், நல்ல மனுஷர். சாத்துக்குடி வாங்கி வந்திருந்தார். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: "மேடம், பாஸ் பண்ணிட்டா அந்த சர்டிபிகேட்ட எவனாவது வாடகைக்கு வாங்கி கடைல மாட்டிக்குவானாமே? மாசா மாசம் பணம் குடுத்துருவானாம். பொண்ணு வூட்லயே இருக்கலாம்னு சொல்றாங்க."

எனக்குக் கல்யாணமான புதிதில் என் வீட்டிலும் இதே யோசனையைச் சொன்னார்கள். நாலு நாள் யாரோடும் பேசாமல் இருந்து, ஐந்தாம் நாள் வேலைக்குப் போனேன். அதை அவரிடம் சொல்ல வாயெடுப்பதற்குள், அட்டைப் பெட்டி பிரித்துக்கொண்டிருந்த சுகன்யா நிமிர்ந்தாள்.

"சர்டிபிகேட்டுக்கு சீட்டு படிக்கத் தெரியாது நைனா. நான்தான் நிக்கணும்."

கல்பாக்கம் பஸ்

கல்பாக்கம் பக்கம் நாஸ்தா கடை போடும் ஒரு அக்கா. விரல் மூட்டெல்லாம் வீங்கி, இங்கே ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டுச் சீட்டோடு வந்தார். பஸ் கிளம்ப நிற்கிறது, சீக்கிரம் என்றார். சீட்டை வாங்கிய சுகன்யா அதை இரண்டு தடவை படித்தாள். மூட்டு வாதத்துக்கு வாரத்துக்கு ஒருநாள் மட்டும் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. சீட்டில் தினமும் ஒன்று என்று இருந்தது. தினமும் சாப்பிட்டால் ரத்தமே கெட்டு உயிருக்கு ஆபத்து.

அவள் கிளினிக்குக்குப் போன் செய்தாள். எழுதினதைக் கொடுங்கள், கடைக்காரர் டாக்டருக்குப் பாடம் எடுக்க வேண்டாம் என்று அங்கே இருந்தவர் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். மறுபடி போட்டாள். மறுபடி வைத்தார். "டாக்டரே எழுதிகிறாரு, நீ இன்னாம்மா குறுக்க?" என்று அந்த அக்கா கத்த, பஸ்ஸும் போய்விட்டது. ஆனாலும் சுகன்யா "டாக்டர் சொல்லாம தர மாட்டேன்க்கா" என்றாள். நானும் தர மாட்டேன் என்று பக்கத்தில் போய் நின்றேன்.

மூன்றாவது தடவை டாக்டரே எடுத்தார். சீட்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, தன் கை தவறிவிட்டது, வாரத்துக்கு ஒன்றுதான், சரியாக நிறுத்தினீர்கள் என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அந்த அக்காவும் கேட்டார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சுகன்யா மாத்திரைக் கவரில் 'ஞாயிறு மட்டும்' என்று பெரிதாக எழுதி நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை; பையிலிருந்து இன்னும் நாலு பழைய சீட்டுகளை எடுத்து நீட்டினார்.

"பஸ்ஸு போனா போவட்டும். இதையும் படிச்சிப் பாத்துட்டுச் சொல்லு."

மாத்திரையை எடுத்துக் கொடுக்க ஒரு வாரம் பழகினால் போதும், கொடுக்க மாட்டேன் என்று நின்று சொல்லத்தான் நாலு வருஷப் படிப்பும் கொஞ்சம் திமிரும் வேண்டியிருக்கிறது.