வரி விழாத புலி

காந்தத்தில் நிக்கல் காசு போய் ஒட்டும்போது 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். காசு நிக்கல்தானா என்று சோதிக்க, பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் அது; எண்ணெய்ப் பிசுக்கும் இரும்புத் தூளும் ஏறிக் கன்னங்கரேலென்று இருக்கும். அந்தச் சத்தம் கேட்டால் என் அக்கா சுமதிக்கு எங்கிருந்தோ ஒரு பழைய காசு கிடைத்துவிட்டது, இனி சோறு ஆறினாலும் அவளுக்குக் காது கேட்காது என்று நாங்கள் தெரிந்துகொள்வோம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கோவை கணபதியில் எங்கள் வீட்டின் முன்பக்கமே அப்பாவின் பட்டறை. தெருவுக்குத் தெரு பம்பு மோட்டார் செய்துகொண்டிருந்த ஊரில், அந்த மோட்டார்களின் மேல் திருகப்படும் பேர்த்தகடுகளை அச்சடித்துக் கொடுப்பது அவர் தொழில். தகட்டை அச்சில் வைத்து பிரஸ்ஸை இறக்கினால் கம்பெனிப் பெயரும் குதிரைசக்தியும் எழும்பி நிற்கும். சில தகடுகளில் ஓரத்து எழுத்துகள் கூர்மையாக இருக்க, நடு எழுத்துகள் மட்டும் எழும்பாமல் சப்பையாகக் கிடக்கும். "அடி பத்துல", அதாவது பிரஸ்ஸின் அடி போதவில்லை, என்று அப்பா அவற்றைக் கழிவுத் தொட்டியில் போடுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தகடுகளைப் பார்த்துப் பிரிப்பது அக்காவின் வேலை; அந்தக் கண்ணைத்தான் அவள் காசுகளின் மீதும் திருப்பினாள்.

பழைய காசு சேர்ப்பவர்கள் எல்லாரும் வருடத்தைப் பார்ப்பார்கள், மினுக்கத்தைப் பார்ப்பார்கள். அக்கா "அடி"யைத்தான் பார்ப்பாள். காசை விளிம்பில் மட்டும் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் மெதுவாகச் சாய்த்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பாள். டியூப்லைட் வெளிச்சம் பொய் சொல்லும் என்பது அவள் கட்சி. சிங்கத்தின் பிடரி சுருள் சுருளாக விழுந்திருக்கிறதா, கோதுமைக் கதிரில் மணிக்கு மணி கோடு பிரிந்திருக்கிறதா, வெள்ளைக்கார ராஜாவின் கிரீடத்தில் முத்துகள் தனித்தனியாக நிற்கின்றனவா என்று பார்த்துத்தான் "முழு அடி", "அரை அடி", "சப்பை" என்று தீர்ப்புச் சொல்வாள். உக்கடத்துப் பழைய சாமான் கடைக்காரர் ஒருமுறை பொறுமை இழந்து, "ஏனுங் அம்மணி, காசு வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்று கேட்டேவிட்டார். அக்கா சிரிக்கக்கூட இல்லை. அவர் பளபளவென்று எடுத்துக் காட்டியதை எல்லாம் ஒதுக்கிவிட்டு, அழுக்கேறிய ஒரு அரை ரூபாயைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். வீட்டில் வந்து பார்த்தால், அதில் புலியின் மீசை முடி வரைக்கும் இருந்தது. எனக்கு அன்று அவளைப் பார்க்கப் பெருமையாகவும் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

இத்தனை காசுகளுக்கு நடுவே அவள் தொடாத காசு ஒன்று வீட்டில் இருந்தது. அது அப்பாவுடையது. நாற்பத்தேழாம் வருடத்து ஒரு ரூபாய். ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் நிற்கும் புலி. அப்பா பிறந்த மாதம், அப்பாரு, அதாவது அப்பாவைப் பெற்றவர், மில்லில் சம்பளப் பையின் முத்திரையை உடைத்ததும் முதலில் வந்த காசைக் கேட்டு வாங்கித் துணியில் முடிந்து வைத்தாராம். "ஒருத்தர் கையும் படாத காசு, உனக்குன்னு வெச்சது" என்று மகனிடம் சொல்லிக் கொடுத்தாராம். அப்பாவுக்கு விவரம் தெரிவதற்குள் அவர் போய்விட்டார். போட்டோ கிடையாது. அப்பாவுக்குத் தன் தகப்பனிடமிருந்து மிஞ்சியது அந்தக் காசும் அந்த ஒரு பேச்சும்தான்.

சாமி அலமாரியில் இருக்கும் அந்தக் காசு ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே வரும். வந்தால், காரமடை மாமா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். அம்மாவின் தம்பி அவர்; பட்டறைக்குப் பக்கத்திலேயே பாலீஷ் சக்கரம் வைத்திருந்தார். அந்தப் புலிக்கு உடம்பில் வரியே கிடையாது. தலை இருக்கும், கால் இருக்கும், நடு உடம்பு மட்டும் வெறுமையாக இருக்கும். "இந்தப் புலி எத்தன சந்தைக்குப் போயிட்டு வந்துச்சோ, வரியெல்லாம் உதுந்துபோச்சுங்க மச்சான்" என்பார் மாமா. எல்லாரும் சிரிப்போம். அப்பாவும் சிரிப்பார். ஆனால் வருடத்துக்கு வருடம் அந்தச் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. கைபடாத காசு தேயாது. தேய்ந்திருக்கிறதென்றால் அப்பாரு சொன்னது, குழந்தையைக் கொஞ்சுவதற்காகச் சொன்ன கதை. அப்பா மெல்ல மெல்ல அப்படித்தான் நம்பத் தொடங்கியிருந்தார்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முந்தைய நாள், மாமாவின் சக்கரம் காலையிலிருந்து ஓய்வில்லாமல் ஓடியது. சுத்தியல், ஸ்பேனர், அச்சுக் கட்டைகள் முதல் அம்மாவின் டிபன் கேரியர் வரை எல்லாம் பளபளவென்று ஆகிக்கொண்டிருந்தன. எங்கள் ஊரில் எதைக் கும்பிடுவதென்றாலும் முதலில் பாலீஷ் போட்டாக வேண்டும். மாமா கையை நீட்டி, "அந்தப் புலியையும் குடுங்க மச்சான், ஒரு இழுப்பு இழுத்துப்போட்டா கண்ணாடியாட்ட ஆயிருமுங்க" என்றார். அப்பா காசைச் சாமி அலமாரியிலிருந்து எடுத்தார். பிறகு, "கொண்டு போங்க. பளபளப்பாச்சும் வரட்டும்" என்று கொடுத்துவிட்டார்.

தகடு பிரித்துக்கொண்டிருந்த அக்கா எழுந்து ஓடியதைப் பார்த்தேன். நேராகப் போய் ஸ்விட்சை அணைத்தாள். சக்கரம் முனகிக்கொண்டே நிற்பதற்குள் மாமாவின் விரல்களிலிருந்து காசை வாங்கி, வாசல் வெயிலுக்குக் கொண்டுபோனாள். முதன்முறையாக அந்தக் காசைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். புலியைப் பார்த்தாள், திருப்பி ராஜாவைப் பார்த்தாள், மறுபடியும் புலியைப் பார்த்தாள். பிறகு கழிவுத் தொட்டியிலிருந்து, நடு எழுத்து விழாத ஒரு தகட்டை எடுத்துவந்து அப்பாவின் கையில் வைத்தாள்.

"இத ஆருங்கப்பா தேய்ச்சது? இது இன்னும் மோட்டாருக்கே போகுலீங்க."

அப்பாவுக்குப் புரியவில்லை. அக்கா காசைத் திருப்பிக் காட்டினாள். கிரீடத்தின் முத்துகள் எண்ணிக்கொள்ளலாம் போல் நின்றன; காது மடலின் வளைவு கூர்மையாக இருந்தது; விளிம்பின் வரிப்பள்ளங்கள் நகத்தில் இடறின. "ராசா கிரீடத்துல ஒரு முத்துகூட மழுங்குல. புலி மட்டும் தனியா சந்தைக்குப் போயிட்டு வந்துச்சுங்களா மாமா?" என்று கேட்டாள்.

ராஜாவின் கன்னத்துக்கு நேர் பின்னால்தான் புலியின் வயிறு. இரண்டு பக்க அச்சும் அந்த இடத்தில் ஆழம். அடி கொஞ்சம் குறைந்தால் உலோகம் ஒரு பக்கத்தை நிரப்பும், மறுபக்கம் எட்டாது. தேய்ந்த இடம் வழவழவென்று மங்கியிருக்கும். புலியின் உடம்பிலோ, அடிப்பதற்கு முன்பு வெறும் வில்லையில் இருந்த பொடிப் பொடிச் சொரசொரப்பு அப்படியே மினுங்கியது. "வரி தேயுலீங்கப்பா. வரி விழவே இல்ல. அடி பத்துல, அவ்வளவுதான்" என்றாள் அக்கா.

தினமும் தொட்டியில் வீசிய குறையைத் தன் காசில் மட்டும் காணத் தவறிய அப்பா, தகட்டையும் காசையும் மாறி மாறிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "அப்பொ எங்கய்யன் பொய் சொல்லுல கண்ணு" என்றார். அக்கா, "இல்லீங்கப்பா" என்றாள். அந்த வருடம் காசுக்குப் பாலீஷ் இல்லை. தன் சேமிப்பில் முழு அடி விழுந்த காசுகளை எல்லாம் ஓரம் தள்ளிவிட்டு, அக்காவே அதைப் பூஜையின் நடுவில் வைத்தாள்.

இப்போது மோட்டார்களில் பேர்த்தகடு இல்லை, ஸ்டிக்கர்தான் ஒட்டுகிறார்கள். பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. அப்பா போன அன்று, நெற்றியில் வைக்க யாரோ ஒரு ரூபாய்க் காசு கேட்டார்கள். பத்து பேர் சட்டைப் பையைத் துழாவினார்கள். அக்கா உள்ளே போய்ப் புலிக்காசை எடுத்துவந்து, விளிம்பில் பிடித்தபடியே, புலி மேலே தெரிய வைத்தாள். அவ்வளவு ஆசையாகக் காசு சேர்த்தவள், அந்தக் காசை அப்பாவுக்கே கொடுத்துவிட்டாள். மயானத்தில் வழக்கப்படி அது அங்கே வேலை செய்பவர் கைக்குப் போனது.

டவுன்ஹால் பக்கம் பழைய காசுக் கடைகளைக் கண்டால் இன்றும் நுழைந்துவிடுகிறேன். கடைக்காரர்கள் நல்ல புலிகளைக் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டுகிறார்கள். "அதெல்லாம் தேஞ்ச காசுங்க" என்று அவர்கள் சொல்லி ஓரமாகக் கொட்டி வைத்திருக்கும் தட்டில்தான் நான் வரி விழாத ஒரு புலியைத் தேடுகிறேன்.