ஒன்பது துண்டில் ஒரு சத்தியம்

பயிற்சி முகாமில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. சத்தியக்காரர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். புதிதாகப் பட்டாளத்தில் சேர்ந்த பிள்ளைகள் பயிற்சி முடித்து மைதானத்தில் வலது கையை உயர்த்தி நிற்கும்போது, மேடையில் நின்று சத்தியத்தைச் சொல்லிக்கொடுப்பவர் அவர். பத்தொன்பது வருடமாக அவர்தான்.

முதல் தடவை, சட்டப் புத்தகத்தில் இருந்தபடியே நீள நீளமான நான்கு வாக்கியங்களாகப் படித்தார். முந்நூறு பேரும் பாதியில் மூச்சு முட்டி, ஆளுக்கொரு வார்த்தையில் நின்றுபோனார்கள். சந்தை இரைச்சல் மாதிரி இருந்தது. அன்று மாலையே காலி மைதானத்தில் தனியாக நின்று கையைத் தூக்கிக் கத்திப் பார்த்தார். ஒரே மூச்சில் ஐந்து வார்த்தைக்கு மேல் தாங்காது என்று தெரிந்தது. எங்கே வெட்டினால் பொருள் சாகாது என்று இரண்டு மாதம் வெட்டியும் ஒட்டியும் பார்த்து ஒன்பது துண்டாக்கினார். மூன்றாவது துண்டு, “நாட்டின் அரசியலமைப்புக்கு உண்மையாக இருப்பேன்.” ஏழாவது, “சட்டப்படியான கட்டளைகளுக்கே கீழ்ப்படிவேன்.” ஏழாவதில் முதல் வார்த்தையை மட்டும் கொஞ்சம் இழுத்துச் சொல்வார்.

சத்திய நாளில் காலையிலிருந்து வெந்நீரைத் தவிர வாய்க்குள் எதுவும் போகாது, வாயிலிருந்தும் எதுவும் வராது. மனைவி எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான். “வருஷத்துல ரெண்டு நாளாவது இந்த வீட்ல நிம்மதி” என்பாள் அவள்.

சத்தியத்தின் பொருளை அவர் முந்தின நாள் வகுப்பில் விளக்குவார். கட்டளையில் சந்தேகம் வந்தால் எழுத்தில் கேள், சட்டத்துக்குப் புறம்பாகச் சொல்கிறவன் காகிதத்தில் கையெழுத்து வைக்கமாட்டான் என்பார். மைதானத்தில் ஒரே விதிதான். “மேடையிலேர்ந்து என்ன வருதோ அத அப்படியே திருப்பிச் சொல்லணும். யோசிக்காதே. யோசிச்சா வரிசை கெட்டுரும்.”

அந்த வருடம் சத்தியத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, முகாம் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த அவருடைய மச்சினன் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினான்.

“அஞ்சே துண்டு மாமா. உங்க தொண்டைக்குப் பாதி வேலை மிச்சம்.”

படித்துப் பார்த்தார். அரசியலமைப்பு இருந்த இடத்தில் தலைவர் இருந்தார். அவர் இடும் எந்தக் கட்டளைக்கும் கீழ்ப்படிவேன் என்று இருந்தது.

“சட்டப்படியானங்கிற வார்த்தை எங்கடா?”

“எனக்கென்ன தெரியும்? டைப் அடிக்கச் சொன்னாங்க, அடிச்சேன்.”

“அடிக்கும்போது படிச்சியா?”

“எல்லாத்தையும் படிச்சிட்டிருந்தா என்னிக்கு மாமா அடிச்சு முடிக்கறது?”

போன மாதம்தான் தலைவர் நாடாளுமன்றத்தைப் பூட்டியிருந்தார். திறந்துவிடச் சொல்லி நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்தும் பூட்டு அப்படியே தொங்கியது. அந்த வாசலில் காவல் நிற்க, சத்தியம் முடிந்த கையோடு இந்த முந்நூறு பேரும் தலைநகரத்துக்குப் போவதாக ஏற்பாடு.

அவர் நேராகக் கர்னலிடம் போனார்.

“சார், இத என்னால சொல்லிக்குடுக்க முடியாது. நான் பண்ணினது பழைய சத்தியம். அதுலேர்ந்து என்னை யாரும் விடுவிக்கல.”

“என்னையுந்தான் விடுவிக்கல” என்றார் கர்னல். கெட்ட மனிதரல்ல. இரண்டு வாரமாகத் தூங்காத முகம்.

“அப்ப எழுத்துல குடுங்க சார்.”

கர்னல் ஒரு தாளை எடுத்தார். தேதி போட்டார். இன்னார் இன்ன உறுதிமொழியைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, மை காய ஊதிக் கொடுத்தார். “இன்னொரு காப்பி வேணுமா?” என்றும் கேட்டார். கேலி இல்லை, உண்மையாகத்தான் கேட்டார். சத்தியக்காரர் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

“நீங்க மாட்டேன்னா என்ன ஆகும்?”

“வேற ஒருத்தன் சொல்லிக்குடுப்பான்.”

“அந்தப் பிள்ளைங்க?”

“திருப்பிச் சொல்லுவாங்க.”

“அப்ப உங்க வாய் மட்டும் சுத்தமா இருக்கும். அத வச்சு யாருக்கு என்ன?”

அவள் மடித்ததை அடுக்கிவிட்டுச் சொன்னாள். “குவார்ட்டர்ஸ காலி பண்ற மாதிரி எதாவது பண்ணப்போறீங்கன்னா ரெண்டு நாள் முன்னாடி சொல்லிடுங்க. பீரோவ நான் ஒண்டியா இறக்க முடியாது.”

இரண்டு நாள் யோசித்தார். மாட்டேன் என்று ஒதுங்கினால் பிள்ளைகள் புதியதைச் சொல்வார்கள். மேடை ஏறினால் பழையதைச் சொல்ல வைக்கலாம். முந்நூறு பேர் வாய்விட்டுச் சொன்ன சத்தியத்தை எந்தக் கர்னலும் வாயிலிருந்து பிடுங்க முடியாது என்று தோன்றியது. மூன்றாம் நாள் மனைவியிடம், “பீரோவ இறக்கிடலாம்” என்றார்.

சத்திய நாள். பெற்றவர்கள் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். புதிய தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் பழைய சத்தியத்தைச் சொல்ல ஆரம்பித்தார். முந்நூறு குரல்கள் ஒன்றாகத் திரும்பி வந்தன. மூன்றாவது துண்டில் கர்னல் நிமிர்ந்தார். தன் காதில்தான் கோளாறோ என்று தாளின் நகலைத் தேடினார். ஏழாவதில், “சட்டப்படியான” என்று அவர் இழுத்தபோது, கர்னல் எழுந்தார். மைதானம் அந்தத் துண்டைத் திருப்பிச் சொல்லி முடித்தபோது வந்து பக்கத்து மைக்கைப் பிடித்தார்.

“போதும், நிறுத்துங்க.”

“போதும், நிறுத்துங்க” என்றது மைதானம். உயர்த்திய கை ஒன்றுகூட இறங்கவில்லை.

கர்னல் திகைத்துப்போனார். “டேய், சும்மா இருங்கடா.”

“டேய், சும்மா இருங்கடா.” அதே சுருதி. அதே கடைசி எழுத்தில் வெட்டினாற்போல் ஒரு நிறுத்தம். கொட்டகையில் யாரோ சிரித்தார்கள்.

எட்டாவது துண்டு சத்தியக்காரர் வாயில்தான் இருந்தது. அதைச் சொல்லியிருக்கலாம், யாரும் அவரைத் தொடவில்லை. ஆனால் முன்வரிசை முகங்களைப் பார்த்தார். அரசியலமைப்புக்குச் சத்தியம் செய்தபோது இருந்த அதே முகங்கள்தான் “சும்மா இருங்கடா” என்றபோதும் இருந்தன. பத்தொன்பது வருடமாக இவைதான். தாளை மேடையில் வைத்துவிட்டுத் தானாகவே இறங்கினார்.

மச்சினனை இழுத்துக்கொண்டுவந்து ஏற்றினார்கள். அவன் கண்ட இடத்தில் வெட்டி, “தலைவருக்கு உயிர்” என்று நிறுத்தினான். மைதானமும் “தலைவருக்கு உயிர்” என்று நிறுத்தியது. காவல் அறைக்கு நடத்திப் போகும் வழியெல்லாம் சத்தியக்காரருக்கு அது கேட்டது. முதலில் வந்த சத்தத்துக்கு ஒரு நூல் குறையவில்லை.

மத்தியானம் சாப்பாட்டுத் தட்டோடு வந்த காவல்காரன் அந்த முந்நூறில் ஒருவன்.

“ரெண்டு சத்தியம் பண்ணியேப்பா, எது உன்னுது?”

அவன் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான். “தப்பா சொன்னா திட்டுவீங்களா ஐயா?”

“மாட்டேன்.”

“ரெண்டாவதுதானே. கடைசியா வந்த ஆர்டர்தானே ஆர்டர்.” பிறகு, அவருக்கு மனது கஷ்டமாக இருக்குமோ என்று நினைத்தவன்போல், “மொதல்ல சொன்னதுல ஒரு வார்த்தைய இழுத்தீங்க பாருங்க, மூச்சு பத்தல. என் பக்கத்துல நின்னவன் அத விட்டுட்டான்” என்றான்.

“நீ?”

“நான் சொன்னேன் ஐயா.”

“என்னன்னு தெரிஞ்சு சொன்னியா?”

அவன் நெற்றியைச் சுருக்கினான். அவர் தட்டைத் தொடாமல் காத்திருந்தார். வெளியே விசில் ஊதியது, தலைநகரத்துக்குப் போகும் லாரிகளுக்கு ஆள் கூப்பிடுகிறார்கள். அவன் கதவைச் சாத்தி, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு ஓடினான்.