காதில் சொல்லும் வரி

எகிப்தில் எங்கள் தெசூக் ஊரில் ஒரு பெண்ணுக்கு முதல் பிள்ளை பிறந்ததும் அவளுடைய சொந்தப் பெயர் வீட்டுக்குள் போய்விடும். மகன் மஹ்மூத் என்றால் அன்றிலிருந்து அவள் உம்மு மஹ்மூத், அதாவது மஹ்மூதின் தாய். கடைக்காரனுக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் அதுவே பெயர். தாயின் பெயர் தெருவுக்குத் தெரிந்துவிட்டால் மற்றப் பையன்கள் அதைக் கூவியே அவள் மகனை அழவைத்துவிடுவார்கள்.

விசால் என்ற பெண்ணுக்குப் பிள்ளை இல்லை. கணவர் வேலைக்கென்று இராக் போனார். சில காலம் கடிதமும் பணமும் வந்தன. பிறகு இரண்டும் நின்றுவிட்டன. சொந்தப் பெயரை ஒளித்துவைக்க இன்னொரு பெயர் வாய்க்காததால் ஊரே அவளை விசால் என்றது. அவளிடம் படித்த பிள்ளைகள் மட்டும், ஆசிரியை என்பதால், அப்லா விசால் என்றார்கள்.

ஆற்றங்கரையில் நற்பணிச் சங்கம் நடத்திய மழலைப் பள்ளிக்கு அவள் ஒருத்திதான் ஆசிரியை. சங்கத்தின் பதிவேடுகளை எழுதியவன் நான்; மரியாதைக்கு என்னை உஸ்தாத் என்பார்கள். என் மேசைக்கும் அவள் வகுப்புக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். இங்கே எழுதுவதில் பெரும்பகுதி நான் காதால் கேட்டது. கேட்காததை யார் சொன்னார்கள் என்றும் எழுதியிருக்கிறேன்.

நாலைந்து வயதுப் பிள்ளைகளுக்கு எழுத்து, எண், பக்கத்துப் பிள்ளையின் ரொட்டியைப் பிடுங்காமல் கேட்டு வாங்குவது, இவைதான் அவள் பாடம். "ஏழுக்கு அடுத்து என்ன?" என்று கேட்டால் அந்த வயதுப் பிள்ளை ஒன்றிலிருந்து தொடங்கித்தான் எட்டுக்கு வரும், நடுவில் நிறுத்தினால் மறுபடி ஒன்றுக்கே போகும். விசால் இதைக் குறையாக நினைக்கவில்லை. எதையும் சங்கிலியாகக் கோத்துக் கொடுத்தால் பிள்ளைக்கு மறக்காது என்பாள்.

ஒவ்வோர் ஆண்டும் எங்கள் தர்காவின் மவ்லித் திருவிழாவுக்கு நாடே திரண்டு வரும். ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகள் தொலைவார்கள். அதற்காக அவள் ஒரு பாட்டுக் கட்டினாள். அவள் வகுப்பில் படித்த மஹ்மூதுக்கு அது இப்படி வரும்:

என் பேரு மஹ்மூது,
எங்க பாபா இப்ராஹீமு,
எங்க உம்மா தவ்ஹீதா,
ஊரு தெசூக், ஆத்தோரம்,
ஐஸ் பேக்டரிச் சந்து,
பச்சைக் கதவு வீடு.

மஹ்மூதின் தகப்பன் இப்ராஹீம், ஊர் வழக்கில் அபூ மஹ்மூத், உப்பு மீன் விற்பவர். 1983ஆம் ஆண்டு மவ்லிதுக்குக் கொஞ்ச நாள் முன்னால், ஒரு காலை, பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்று கத்தினார்.

"விசால்! வெளிய வா!"

"வகுப்பு நடக்குது, அபூ மஹ்மூத். பிள்ளைங்க பயப்படுதுங்க."

"பயப்படட்டும்! நேத்து மீன் வாங்க வந்த ஒரு பொடிப்பய, எம் பொண்டாட்டி பேரச் சொல்லி, சுகமா இருக்காங்களான்னு கேக்குறான். கடையில நின்ன அத்தனை பேரும் சிரிக்கிறானுங்க. எழுத்து சொல்லிக்குடுன்னு அனுப்பினா, எம் பொண்டாட்டி பேர ஏலம் போடுறியா?"

"கூட்டத்துல தொலைஞ்சா எப்படித் தேடுறது? மஹ்மூத், அப்பா இப்ராஹீம்னா தெருவுக்கு ஒருத்தன் இருக்கான். அம்மா பேரு தெரிஞ்சாத்தானே அடையாளம்?"

"எம் பிள்ளை ஏன் தொலையுறான்? உம் புருஷன் தொலைஞ்சுட்டான்னா ஊர்ப்பிள்ளை பூராவும் தொலையணுமா?"

விசால் பிள்ளைகளிடம் திரும்பிப் போனாள். அன்று இன்னும் இரண்டு தகப்பன்மார் வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சங்கச் செயலாளர் அவளைக் கூப்பிட்டு, அந்த வரியை எடுத்துவிடு, இல்லாவிட்டால் வகுப்பையே மூடவேண்டி வரும் என்றார். அந்த வகுப்பைத் தவிர அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

அவள் வரியை எடுக்கவில்லை, மறைத்தாள். "இனிமே இந்த வரி ரகசியம். பக்கத்துல இருக்குற உங்க தோழன் காதுல மட்டும் சொல்லணும். வேற யாரு கேட்டாலும் சொல்லக்கூடாது. காதுல சொன்னப்புறந்தான் அடுத்த வரி" என்றாள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மூன்றாவது வரி வந்ததும் வகுப்பு முழுக்கக் காற்று போல ஒரு கிசுகிசுப்பு, பிறகு எல்லோருமாக "ஊரு தெசூக்!" என்று கூவுவார்கள். மஹ்மூத் ரொட்டிக்கடைக்காரர் மகன் ஸப்ரியின் காதில் சொல்வான். ஸப்ரி அவன் காதில் சொல்வான். தகப்பன்மார் சமாதானமானார்கள். இப்ராஹீம் வீட்டில் மகனை உட்காரவைத்து, உம்மா பேரை வெளியே சொன்னால் நாக்கை அறுத்துவிடுவேன் என்றும் சொல்லிவைத்தாராம். இதைத் தவ்ஹீதா பிறகு சொன்னார்.

மவ்லித் ஊர்வலத்தன்று பிற்பகல் தவ்ஹீதா வறுத்த கடலைக்குக் காசு கொடுக்க மகன் கையை விட்டார். திரும்பினால் பிள்ளை இல்லை.

காகிதக் குதிரை தூக்கிப் போன ஒருவன் பின்னாலேயே அவன் ரயிலடி வரைக்கும் போயிருக்கிறான். வண்டியில் ஏறிய கூட்டம் அவனையும் உள்ளே தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. இது பின்னால் தெரிந்த சேதி. அன்று எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னோம். படகுக்காரர்கள் ஆற்றில் வலை இழுத்தார்கள். ஒவ்வொரு முறை வலை மேலே வரும்போதும் இப்ராஹீம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு தந்தா, தமன்ஹூர், கெய்ரோ என்று காவல் நிலையம் காவல் நிலையமாக அலைந்தார். "மஹ்மூத் இப்ராஹீமா? எந்த மஹ்மூத் இப்ராஹீம்?" என்று கேட்டு அனுப்பினார்கள்.

தெருவில் விசாலைப் பெண்கள் நிறுத்திக் கேட்டார்கள்: "பாட்டுச் சொல்லிக்குடுத்தியே, அந்தப் பாட்டு எங்கடி போச்சு?"

அதே கேள்விதான் அவளையும் தின்றது. பிள்ளைக்கு ஊர் தெரியும், சந்து தெரியும், கதவின் நிறம்கூடத் தெரியும். யாராவது அவன் பெயரைக் கேட்டிருந்தால் பாடியிருப்பான். பாடியிருந்தால் சேதி வந்திருக்கும். வரவில்லையென்றால் அவன் உயிரோடு இல்லை. இப்படி அவள் கணக்குப் போட்டு முடித்துவிட்டாள். வகுப்புக்கு வருவாள், எழுத்து எழுதுவாள், பாட்டை மட்டும் தொடமாட்டாள். எங்கள் பக்கத்துத் தபால்காரன் தெருவில் திரும்பினாலே அவள் முகம் வெளுக்கும்.

ஒருநாள் அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் பிள்ளைகள் தாமாகவே பாட ஆரம்பித்துவிட்டார்கள். கிசுகிசுப்பு வந்தது, "ஊரு தெசூக்" வந்தது. அவள் ஓடிவந்தாள். தடுப்பின் இடுக்கு வழியாக நானும் பார்த்தேன். ஸப்ரி மட்டும் பக்கத்து வெற்றிடத்தைப் பார்த்துத் திரும்பியபடி, வாயைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏண்டா கண்ணு நிறுத்திட்ட?"

"மஹ்மூத் இல்லையே அப்லா."

"பரவால்ல. உங்க ஊரு எது, சொல்லு."

"அது இன்னும் வரல."

"சரி, என் காதுல சொல்லு."

ஸப்ரி யோசித்தான். "நீங்க தோழன் இல்லையே. நீங்க அப்லா."

விசால் அந்தச் சின்ன பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து என்னிடம் வந்தாள். "உஸ்தாத், அவன் உயிரோட இருக்கான். எங்கயோ உக்காந்து ரெண்டு வரி பாடி நிறுத்துறான். நாந்தான் அவன் வாயக் கட்டி அனுப்பிட்டேன்."

காவல் அதிகாரி இதைக் கேட்டுவிட்டு, "அப்போ பாட்டுப் பாடுற பையன்னு அறிவிப்புப் போடவா? பாட்டு ரெக்கார்டு இருந்தா கொண்டுவாங்கம்மா" என்று சிரித்தார். வானொலியில் காலை நேரப் பெண்கள் நிகழ்ச்சியில் காணாமல்போன பிள்ளைகளைப் பற்றிப் படிப்பார்கள். அதற்குப் பெற்றவர் கையெழுத்து வேண்டும்; தாய் தகப்பன் இருவர் பெயரும் வேண்டும். எழுதிக்கொடுக்க என்னையும் அழைத்துக்கொண்டு விசால் இப்ராஹீம் வீட்டுக்குப் போனாள்.

அவர் சவரம் செய்து பல நாளாகியிருந்தது. மீன் கடை பூட்டியே கிடந்தது.

"எல்லாத்தையும் எழுதுங்க உஸ்தாத். அவ பேரு மட்டும் வேணாம்" என்றார்.

"பேரில்லாமப் படிக்கமாட்டாங்க" என்றேன்.

"நாடு பூரா ரேடியோவுல கேக்குமே. காப்பிக் கடையில உக்காந்து ஒவ்வொருத்தனும் கேப்பானே. நாளைக்கு நான் எப்படி..."

விசால் குறுக்கிட்டாள். "நாளைக்குன்னு உங்களுக்கு என்ன இருக்கு அபூ மஹ்மூத்? எனக்கு என்ன இருக்கு?"

உள்கதவு திறந்தது. தவ்ஹீதா என்னிடம் நேரே பேசியது அதுவே முதல் தடவை. "எம் பேரு தவ்ஹீதா அப்துல்பாரி. எழுதிக்குங்க. சத்தமாப் படிக்கச் சொல்லுங்க." இப்ராஹீம் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். தாளை நீட்டினேன்; பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

விசால் சொல்லச் சொல்லக் கடைசிப் பத்தியை எழுதினேன். உங்கள் அநாதைப் பிள்ளைகள் விடுதியில் இரண்டு வரி பாடி நிறுத்தும் பையன் இருந்தால், நீங்கள் எதையும் கேட்காதீர்கள். அவன் யாரோடு சேர்ந்து சாப்பிடுகிறானோ அந்தப் பிள்ளையை அவன் பக்கத்தில் உட்காரவைத்து, பாடச் சொல்லுங்கள். பெரியவர்கள் வெளியே நில்லுங்கள்.

வானொலியில் படித்தார்கள். ரொட்டிக் கடையில் வரிசை அசையாமல் நின்று கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வாரம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. விசால் சாப்பிடுவதையே விட்டுவிட்டாள் என்று என் மனைவி தட்டு எடுத்துப்போவாள். தட்டு அப்படியே திரும்பும். "போட்ட கணக்கு ரெண்டாவது தடவையும் தப்பாப்போச்சு உஸ்தாத்" என்றாள் ஒருநாள்.

அதற்கு மறுநாள் கெய்ரோவிலிருந்து சங்கத்துக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் ஒரு விடுதியின் பொறுப்பாளர், இஹ்ஸான் என்ற அம்மாள். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"இங்க ஒரு பையன் பாபா பேரு வரைக்கும் பாடுவான், அப்புறம் வாயப் பொத்திக்குவான். உங்கம்மாவ எப்படிக் கூப்பிடுவாங்கன்னு கேட்டா, உம்மு மஹ்மூத்ங்கிறான். எந்த ஊருன்னா, எங்க ஊருங்கிறான். ரேடியோ சேதிய யாரோ சொல்லிக் கேட்டு, உங்கம்மா பேரு தவ்ஹீதாவான்னு நேராவே கேட்டுட்டேன். நடுங்கிப்போயி இல்ல இல்லன்னு தலையாட்டினான். சரி, இவன் இல்லன்னு விட்டுட்டேன். நேத்துதான் அந்த ரேடியோ சேதியோட கடைசிப் பகுதி ஞாபகம் வந்துச்சு. நிஸ்மான்னு ஒரு பொண்ணு, அவகூடத்தான் சாப்பிடுவான். ரெண்டு பேரையும் துணி அடுக்குற அறையில விட்டுட்டு வெளிய நின்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் கூவுறான்: ஊரு தெசூக், ஆத்தோரம்!"

இப்ராஹீம் அன்றே கெய்ரோ போய் மகனை அழைத்து வந்தார். ரயிலடியில் தவ்ஹீதா, விசால், நான் மூவரும் நின்றோம். பையன் இளைத்து, மொட்டையடிக்கப்பட்டு, தகப்பன் தோளில் இருந்தான். தாய் கை நீட்டியதும் தாவவில்லை. முதலில் தகப்பன் முகத்தைப் பார்த்தான்.

"பாபா, நான் வெளிய சொல்லல. காதுல மட்டுந்தான் சொன்னேன்."

இப்ராஹீம் அவன் மொட்டைத் தலையைத் தடவினார். பையனைத் தாயிடம் கொடுத்தார். தவ்ஹீதா அவனைக் கட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். விசால் ஓரடி தள்ளியே நின்றாள், தொட உரிமை இல்லாதவள் போல. தாயின் தோளுக்கு மேலாக அவன்தான் அவளைக் கூப்பிட்டான்.

"அப்லா, நிஸ்மாகிட்ட சொன்னேன். அவளும் என் காதுல சொல்லணும்ல? அவகிட்ட சொல்றதுக்குப் பேரே இல்ல அப்லா. அவள யாரோ பள்ளிவாசல் படியில வச்சுட்டுப் போயிட்டாங்களாம். அதனால எங்க உம்மா பேரையே வச்சுக்கோன்னு குடுத்துட்டேன்."

"அவ என்ன சொன்னா?" விசாலின் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"வாங்கிக்கிட்டா. என் காதுல அதையே சொன்னா. அப்லா, இப்போ அவ யார் காதுல சொல்லுவா?"

 விசால் இப்ராஹீமைப் பார்த்தாள். மனைவியின் பெயர் ஒரு வழிப்போக்கர் காதில் விழக்கூடாது என்று வாசலில் நின்று கத்திய அந்த மனிதர், மகனின் சின்னத் துணிமூட்டையைக் கையில் பிடித்தபடி, வந்த வண்டி நிஸ்மா இருக்கும் கெய்ரோவுக்குத் திரும்பிப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.