நான்காம் தட்டு

வியாழக்கிழமை காலை பள்ளி அலுவலகத்தில் கணினியைத் திறந்துகொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. நம் அத்தி வளர்ப்போர் வாட்சாப் குழுவில் யாரோ ஒரு பழத்தின் படத்தைப் போட்டு, "இது பழுத்துடுச்சா, பறிக்கலாமா?" என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே சுகுமாரன் எழுதியிருந்தார்: "லூர்து அண்ணன் காலையில தவறிட்டாரு. நெஞ்சு வலி." அடுத்த பத்து நிமிடத்தில் கூப்பிய கைகளாக வந்து குவிந்தன. நடுவே ஒருவர் பழத்துக்கும் பதில் சொல்லியிருந்தார்: "இன்னும் ரெண்டு நாள் விடுங்க லா." சாவுச் செய்திக்குக் கீழேயா இதைப் போடுவது என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு, இரண்டு நாள் விடச் சொன்னவர் மேல் கோபப்பட எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று தோன்றியது. அது ஏன் என்று உங்கள் எல்லாருக்கும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

லூர்துசாமி அண்ணனை நீங்கள் அறிவீர்கள். தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். குளுவாங்கில் எங்கள் தாமான் குடியிருப்பில்தான் வீடு. பின்பக்கம் மழை படாமல் பிளாஸ்டிக் கூரை போட்டு நாற்பது தொட்டிகளில் அத்தி வைத்திருந்தார். நான் பள்ளிக் கிராணி, எழுத்தர் வேலை. என் வீட்டில் எட்டுத் தொட்டிதான். எங்களுக்குள் உறவுமுறை எதுவும் கிடையாது. அவர் தங்கச்சி என்றார், நான் அண்ணே என்றேன், அது நிலைத்துவிட்டது. வாய்தான் அவருக்குக் கொஞ்சம் நீளம். என் மரத்தின் முதல் பழத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது மென்று பார்த்துவிட்டு, "வாசுகி, இது பழமா, நனைஞ்ச பஞ்சா?" என்றார். இரண்டு வாரம் அவரோடு நான் பேசவில்லை.

ஆனால் அந்த நாக்கை யாரும் குறை சொல்ல முடியாது. பிரவுன் டர்க்கி ரகத்தைத் தின்றுவிட்டு, "சீனி குறைச்சுப் போட்ட கேசரி, நெய்யும் இல்ல" என்பார். கோனாட்ரியாவின் பச்சைத் தோலை உரிக்காமல் கடித்து, "தேன்தான், ஆனா தண்ணி கலந்த தேன்" என்பார். பிளாக் மடீரா ஒன்றுக்குத்தான் கண்ணை மூடுவார். "நாவப்பழத்துமேல கூலா மெலாக்கா ஊத்துன மாதிரி இருக்கு. கடைசியில லேசா ஒரு புளிப்பு. அந்தப் புளிப்புதாம்மா பழத்துக்கு உசுரு." அதற்குப் பிறகு நானும் அந்தக் கூலா மெலாக்காவின், தென்னங்கருப்பட்டியின் வாசத்தைத் தேடித்தான் அந்தப் பழத்தைத் தின்கிறேன்.

நம் கூட்டங்களில் பேரில்லாத தட்டு வைக்கும் வழக்கம் அவர் கொண்டுவந்ததுதான். ஆளாளுக்கு வெளிநாட்டுப் பேரைச் சொல்லிப் பெருமை அடித்ததில் எரிச்சலாகி, "பேரைத் தின்னாதீங்க, பழத்தைத் தின்னுங்க" என்றார். அதிலிருந்து ஒருவர் மட்டும் அடுப்படியில் பழங்களை வெட்டித் தட்டுகளில் எண் போட்டு வைப்பார். எது யாருடைய மரத்துப் பழம் என்று அவருக்கு மட்டுமே தெரியும். மற்றவர்கள் ஒரு வாய் தண்ணீர், ஒரு துண்டு உப்பு பிஸ்கட், பிறகு ஒரு துண்டுப் பழம் என்று ருசித்துச் சீட்டில் எழுதுவார்கள். ஒன்றரை வருடத்துக்கு முன் காஹாங்கில் சுகுமாரன் வீட்டில் நடந்த கூட்டத்தில் தட்டு வைக்கும் முறை என்னுடையது.

அன்றைக்கு அண்ணன் முதல் முறையாகத் தன்னுடைய பேர் தெரியாத மரத்தின் பழங்களைக் கூட்டத்துக்குத் தர ஒப்புக்கொண்டிருந்தார். யாரோ கொடுத்த குச்சியில் வளர்ந்த மரம் அது. நான்கு வருடமாக நாம் கேட்டும் கொடுக்காதவர். அவருடைய கர்வம் என்று நாம் சிரித்திருக்கிறோம். அந்த வாரம் கண்ணில் புரை எடுத்துக் கட்டுப் போட்டிருந்ததால் கூட்டம்வரை சுகுமாரன் வீட்டில் தங்கப் போனார்; போகும்போது வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார். "ஞாயித்துக்கெழம காலையில பறி. கழுத்து சாஞ்சிருக்கணும், அடிக்கண்ணுல ஒரு சொட்டுத் தேன் நிக்கணும். அதுக்கு முந்திக் கை வைக்காத." அத்தி மற்ற பழம் மாதிரி இல்லை, பறித்த பின் பழுக்காது என்று எனக்கு அவர் சொல்லியா தெரிய வேண்டும்?

நான் வெள்ளிக்கிழமை மாலையே பறித்தேன். சனிக்கிழமை ஜொகூர் பாருவில் சித்தி மகள் வீட்டு விசேஷம். இரவு அங்கேயே தங்கிவிட்டு, ஞாயிறு காலை பழத்துக்காகத் திரும்பக் குளுவாங் வராமல் நேரே காஹாங் போய்விடலாம் என்ற சோம்பல். மரத்தில் இருந்ததே ஆறு பழம். தோல் கறுத்திருந்தது, கழுத்து நிமிர்ந்திருந்தது. திருகியபோது காம்பில் வெள்ளையாகப் பால் கசிந்தது. பாவாடையில் துடைத்துக்கொண்டேன். காஹாங்கில் வெட்டும்போது ஒரு துண்டை வாயில் போட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தட்டை எடுத்து ஒளித்து வைத்திருக்கலாம். நான்கு என்று எண் போட்டு வெளியே கொண்டுபோய் வைத்தேன்.

அதற்குப் பின் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வெள்ளரிக்காய், புல், பச்சைத் தண்ணி என்று எழுதினீர்கள். நான்காம் தட்டு அண்ணனுடையது என்று நான் சொன்னதும் சுகுமாரன், "அலமாக், இதுக்கா அண்ணே நாலு வருஷம் பூட்டி வச்சீங்க?" என்றார். எல்லாரும் சிரித்தீர்கள். அண்ணனும் சிரித்தார். ஒருவர், "சீக்கிரம் பறிச்சிட்டாங்களோ?" என்று கேட்டார். "வாசுகி பறிச்சது. நேரம் பாக்காம பறிக்க மாட்டா" என்று அண்ணன் அவர் வாயை அடைத்தார்.

திரும்பும்போது நான்தான் கார் ஓட்டினேன். இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன், "ஸ்டெல்லா கடைசியில எதைத் தின்னாலும் இரும்பு கடிக்கிற மாதிரி இருக்குன்னுவா" என்றார். ஸ்டெல்லா அக்கா அவர் மனைவி; புற்றுநோயில் போனவர். "மருந்து நாக்கைக் கொன்னுடுச்சு. இந்தப் பழம் ஒண்ணுதான் இனிக்குதுன்னு சொல்லுவா. பாதியைத் தின்னுட்டு, இனிக்குதுங்கன்னு சிரிப்பா. எனக்கும் இனிச்சுது. ஆனா என் மரம்மா, என் நாக்கை நானே எப்படி நம்புறது? எனக்காகச் சொன்னாளோ, நெசமாவே சொன்னாளோன்னு தெரியாமலே இருந்துச்சு. அதான் பேரில்லாத தட்டுல வச்சுப் பாத்தேன்." கொஞ்சம் கழித்து ஒரே ஒரு முறை கேட்டார்: "கழுத்து சாஞ்சிருந்துச்சாம்மா?"

"சாஞ்சிருந்துச்சுண்ணே" என்றேன்.

"அப்ப எனக்காகத்தான் சொல்லியிருக்கா. பாவம், அந்த வலியிலயும்" என்று வெளியே பார்த்துக்கொண்டார். அந்த வாரமே மரத்தை வெட்டினார்.

அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை என்பார்கள். நான் என்னைப் பிட்டுக் காட்டுகிறேன், பாருங்கள். சோம்பலைக்கூட மன்னிக்கலாம். காருக்குள் சொன்ன அந்த ஒரு சொல்லுக்கு நான் யாரிடம் மன்னிப்புக் கேட்பது?

வெட்டிய கிளைகளைப் பின்பக்கச் சாக்கடையோரம் போட்டிருந்தார். அதில் ஒரு குச்சியை அவருக்குத் தெரியாமல் எடுத்து வந்து நட்டேன். ஒன்றரை வருடம் கழித்து, அவர் இறந்த வாரத்தின் திங்கட்கிழமைதான் முதல் பழம் கழுத்துச் சாய்ந்தது. அடிக்கண்ணில் தேன் நின்றது. நின்றபடியே தின்றேன். பிளாக் மடீராவின் கனம் அதில் இல்லை, கோனாட்ரியாவின் நீர்த்த தேனும் இல்லை. கூலா மெலாக்காவை அப்போதுதான் காய்ச்சி இறக்கிய மாதிரி ஒரு இனிப்பு. செத்த நாக்குக்கும் எட்டியிருக்கும். உடனே நாலு வீடு தள்ளி இருந்த அண்ணனிடம் ஓடியிருக்க வேண்டும். மரத்தில் இன்னும் இரண்டு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்துச் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டேன். முந்திப் பறித்த அதே கை, சொல்ல வேண்டியதற்கு மட்டும் நாள் பார்த்தது.

அடக்கத்தன்று தேவாலயத்துக்கு அந்த இரண்டு பழங்களையும் கைப்பையில் எடுத்துப் போனேன். பூசை முடிந்து பெட்டி அருகே போய் நின்றேன். பின்னால் வரிசை காத்திருந்தது. பையைத் திறக்காமலே நகர்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது பழங்கள் நசுங்கி, பை முழுக்கத் தேனாக ஒட்டியிருந்தது.

அடுத்த காய்ப்பில் கூட்டத்துக்கு அந்தப் பழத்தைக் கொண்டுவருவேன். பேரில்லாமல்தான் வைப்பேன். அதன் பிறகு உங்களில் யாராவது என்னோடு பேசாமல் போனால் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன்.

சீட்டுகளை எல்லாம் அண்ணன் வழக்கமாகப் பிஸ்கட் டின்னில் சேர்த்து வைப்பார். காஹாங்கிலிருந்து திரும்பிய அன்றைக்கு மட்டும் காரிலிருந்து இறங்கும்போது என் கையில் திணித்து, "தூக்கிப் போட்டுடும்மா" என்றார். மற்றவற்றைப் போட்டுவிட்டேன். அவர் எழுதியதை மட்டும் வைத்திருக்கிறேன். நான்காம் தட்டு யாருடையது என்று தெரியாமல், ஒரு கண்ணில் கட்டோடு, கோணல் எழுத்தில் எழுதியது: "காய். ரெண்டு நாள் முந்திப் பறிச்சது."

அவர் சரியாகத்தான் சொன்னார். ஸ்டெல்லா அக்காவும் சரியாகத்தான் சொன்னார். அதை அண்ணனிடம் சொல்ல எனக்கு ஒன்றரை வருடம் இருந்தது.