மாமா என்மேல் விழுந்த மாலை

அண்மையில் ஒருமுறை துருவ ஒளி லண்டனுக்கே இறங்கி வந்தது. நோர்பரியில் எங்கள் தெரு முழுவதும் கைத்தொலைபேசியை உயர்த்திக்கொண்டு நின்றபோது, நான் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுப் பாத்திரம் கழுவினேன். வானத்தோடு எனக்குப் பகை ஒன்றும் இல்லை. அதைப் பார்ப்பதற்காக ஒருமுறை அறுநூறு மைல் போய், என் கால் சப்பாத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியவள் நான்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. தோர்ண்டன் ஹீத்தில் குடியிருந்தோம். அப்பா வேலை செய்த பெட்ரோல் ஸ்டேஷனுக்கு டீசல் அடிக்க வந்த லொறிக்காரர் ஒருவர், ஸ்கொட்லாந்தின் வடகரையில் வானம் பச்சையாக ஆடும் என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்கு அது போதும். மார்கழி விடுமுறையில் மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு மினிபஸ்ஸில் கிளம்பினோம். கோயில் தேருக்குப் போகிற ஆயத்தம்தான்: பஸ்ஸின் சில்லு நாலுக்கும் அடியில் எலுமிச்சம்பழம், மூட்டையாகப் பாண், தொட்டுக்கொள்ள ஒரு வாளி சம்பல். பெண்கள் சேலைக்கு அடியில் கணவன்மாரின் கால்பந்துக் காலுறைகளைப் போட்டுக்கொண்டார்கள்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எட்டு மாதம்தான். கடைசி இருக்கையில் எனக்குப் பக்கத்தில் இருந்தார். இங்கே வந்து அவர் முதலில் படித்த ஆங்கிலம் ‘ஐ டோன்ட் நோ’. விசா விசாரணையில் கேள்வி விளங்காதபோதெல்லாம் அதைச் சொல்லித் தப்பினாராம். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

“பிள்ளை, அங்க பார், குதிரை கோட்டுப் போட்டுக்கொண்டு நிக்குது! கொப்பர் எனக்கு இன்னும் ஒண்டு வாங்கித் தரேல்லை” என்று முன்னால் இருந்த அப்பாவைக் காட்டிச் சொன்னார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். யாரும் பார்க்காத இடத்தில் மாமாவை எனக்கு மிகவும் பிடிக்கும்.

மறுநாள் போய்ச் சேர்ந்தபோது பின்னேரம் ஐந்து மணி; நன்றாக இருட்டிவிட்டது. கடலோர வாகனத் தரிப்பிடத்தில் வெள்ளைக்காரர் சிலர் கமராக்களோடு கிசுகிசுத்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் ஆட்கள் இறங்கியதும் அது சந்தையாகிவிட்டது.

“அண்ணை, வானத்தில ஒண்டையும் காணேல்லை, லொறிக்காரன் உங்களை நல்லாப் பேய்க்காட்டிப் போட்டான்!” என்று ஒரு மாமி அப்பாவைப் பார்த்துக் கத்தினார்.

நான் மெல்ல நழுவி, தூரத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டேன். சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட, என் வயதுப் பெண் ஒருத்தி எனக்குச் சுடச்சுடச் சொக்லேட் ஊற்றித் தந்தாள். நீ அவர்களோடு வந்தவளா என்று மினிபஸ்ஸைக் காட்டிக் கேட்டாள். இல்லை, நாங்கள் அந்தப் பக்கம் என்று கை காட்டினேன். அந்தப் பக்கம் கடல்தான் இருந்தது.

அப்போதுதான் அது வந்தது. கடல் விளிம்பில் வெளிறிய பச்சையாக ஒரு தூண் எழுந்தது. பிறகு வானம் முழுக்க வெளிச்சம் பரவியது.

“லைட்டை நூருங்கோ! எல்லாரும் கீழ படுங்கோ!”

மாமாவின் குரல். அப்பா பதறிப்போய் மினிபஸ்ஸின் விளக்கை அணைத்தார். நான் திரும்புவதற்குள் யாரோ என்னைக் குப்புறத் தள்ளி, என்மேல் விழுந்து மூடிக்கொண்டார்கள். முழங்கால் சரளைக்கல்லில் கிழிந்தது. “அசையாதை பிள்ளை, தலையைத் தூக்காதை.” என் குளிர் உடுப்பையும் தாண்டி அவருடைய நெஞ்சு என் முதுகில் அடித்தது.

தொப்பிக்காரியின் தகப்பன் மாமாவின் சட்டைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார். என்னிடம் குனிந்து, இந்த ஆளை உனக்குத் தெரியுமா என்று கேட்டார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நோ. ஐ டோன்ட் நோ ஹிம்” என்றேன்.

பிடி இறுகியது. மாமா திமிறவில்லை, என்னை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். அப்பா “சொறி, சொறி” என்று ஓடிவந்து, இது என் மனைவியின் தம்பி என்று விளங்கப்படுத்தி முடிக்க நெடுநேரமாயிற்று. அவ்வளவு நேரமும் வானம் அற்புதமாக ஆடியதாம். நான் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரே சிரிப்பு. “பரா லைட் எண்டு நினைச்சிட்டான்!” சண்டைக்குள் ஊரில் இரவில் விமானம் பரசூட்டில் இறக்கிவிடும் வெளிச்சம் அது, ஊர் பகலாகும், பின்னாலேயே குண்டு விழும். சிரித்தவர்கள் எல்லாரும் அந்தக் குண்டுகள் விழ முன்பே ஊரை விட்டு வந்தவர்கள்.

“அந்த வெள்ளைக்காரன் ஏன் உன்ர கழுத்தைப் பிடிச்சவன்?” என்று அப்பா கேட்டார்.

“பிள்ளையைத் தள்ளி விழுத்தினா, பிடிக்காமல் என்ன செய்யிறது அத்தான்” என்றார் மாமா. பிறகு தன் கைக்குட்டையை என் முழங்காலில் கட்டினார். “நோகுதே?”

மற்றவர்களைப் படுக்கச் சொல்லிவிட்டு, அவ்வளவு தூரமும் அந்த வெளிச்சத்துக்குள் அவர் நிமிர்ந்து ஓடி வந்திருக்கிறார் என்று நான் யோசிக்கவே இல்லை. எனக்கு இருந்த ஆறுதல் ஒன்றுதான்: மாமாவுக்கு ஆங்கிலம் தெரியாது, நான் சொன்னது அவருக்கு விளங்கியிருக்காது. அவர் இந்த நாட்டில் முதன்முதலாகப் படித்த வாக்கியம் எது என்பது, ஏனோ, அன்று எனக்கு நினைவுக்கு வரவில்லை.