அண்ணன் டிரைவர், நான் கண்டக்டர்

எங்கள் நைனா இறந்த பிறகு அண்ணன் ஒரு தனியார் பஸ் முதலாளியிடம் டிரைவராகச் சேர்ந்தான். சில வருடங்களில் என்னையும் கூட்டிப்போய் அவர் முன்னால் நிறுத்தினான். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “அண்ணன் ஓட்டட்டும், நீ பைய மாட்டிக்க” என்றார். அப்படித்தான் தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வண்டிக்கு வந்தோம். திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை, திரும்பத் திருத்தணி. விடிவதற்கு முன்னால் ஷெட்டில் வண்டியை எடுத்தால் இருட்டிய பிறகுதான் விடுவோம்.

முதலில் எல்லாரும் பொறாமைப்பட்டார்கள். மதியம் ஆர்.கே.பேட்டையில் வண்டி நிற்கும்போது அண்ணி கட்டிக்கொடுத்த சோற்றை இரண்டு பேரும் பின்சீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவோம். வண்டியில் எங்களுக்குப் பேச்சே தேவைப்படவில்லை. எந்த ஊரில் யார் இறங்குவார்கள், எந்த வளைவில் நூல் மூட்டையோடு நெசவுக்காரர் நிற்பார் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் விசில் ஊதுவதற்குள் அவன் கால் பிரேக்குக்குப் போயிருக்கும்.

ஆனால் ஒரே முதலாளியிடம், அதுவும் ஒரே வண்டியில் இருப்பதில் ஒரு கஷ்டம் இருந்தது. வீட்டில் நல்லது கெட்டது எது நடந்தாலும் எங்களில் ஒருவர்தான் போக முடியும். கிருத்திகை நாட்களில் அதுவும் கிடையாது. காவடிக் கூட்டத்தை ஏற்றி இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால் பிள்ளைகள் தூங்கியிருக்கும்.

அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்தபோது இரண்டு பேருமாகப் போய் முதலாளியைக் கேட்டோம்.

“ஒருத்தன் போனா ஆள் போட்டு ஓட்டிடுவேன். ரெண்டு பேரும் போனா நானா வந்து விசில் ஊதறது?” என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் அண்ணன் சொன்னான். “நீ பாட்டுக்கு வேலைக்கு வராம நின்னுடு. ஒருநாளுக்கு என்னா பண்ணிடுவாரு?”

“வேல போச்சுன்னா?”

“போவாதுடா.”

நான் வேலைக்குப் போனேன். மாற்று டிரைவர் ஒருவர் வந்து ஓட்டினார். மாப்பிள்ளை வீட்டார் ‘சித்தப்பா எங்க?’ என்று கேட்டார்களாம். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு பந்திப் பக்கம் போய்விட்டானாம். மறுநாள் காலை ஷெட்டில், “வந்தவங்க எல்லாம் சாப்டாங்களாண்ணா?” என்று கேட்டேன். அவன் வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்தான்.

அதற்குப் பிறகு பேச்சு நின்றுபோனது. மாதக்கணக்கில் நின்றது. நான் விசில் ஊதினால் நிறுத்துவான், ஊதினால் எடுப்பான், அவ்வளவுதான். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் முன்சீட்டில் இருப்பவரிடம், “டீசல் போடணும்னு சொல்லுங்க” என்பான். அவர் திரும்பி என்னைப் பார்ப்பார். எனக்கு வெட்கமாக இருக்கும். மதியம் அவன் சோற்றைத் தொடுவதில்லை. ஒரு டீயைக் குடித்துவிட்டு ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொள்வான். நான் பின்சீட்டில் தனியாகச் சாப்பிடுவேன். கோபம் ஒரு அளவுக்கு மேல் போனால் வெறும் களைப்பாகிவிடுகிறது. சமாதானம் பேசக்கூட உடம்பில் தெம்பில்லை.

ஒருநாள் மதியம் ஆர்.கே.பேட்டையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம். ஒரு நிறுத்தத்துக்கு விசில் ஊதினேன். வண்டி நிற்கவில்லை. இறங்க வேண்டியவர்கள் சத்தம் போட்டார்கள். மறுபடி ஊதினேன். வண்டி மெதுவாகத்தான் போனது, ஆனால் இடது பக்கமாக, புளியமரங்களை நோக்கி ஒதுங்கியது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடினேன். அண்ணனுடைய காக்கிச் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கண் திறந்துதான் இருந்தது. என்னைப் பார்த்தான், யாரோ போலப் பார்த்தான்.

“அண்ணா, பிரேக்க மிதி! பிரேக்க மிதிண்ணா!” என்று கத்திக்கொண்டே ஸ்டியரிங்கைப் பிடித்து வலது பக்கம் இழுத்தேன். பழக்கத்தில் அவன் கால் மிதித்தது. வண்டி குலுங்கி, மண்ணில் இறங்கி நின்றது.

உறவுக்காரர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மா தன் மஞ்சள் பையிலிருந்து வெல்லத்தை உடைத்து அவன் வாயில் போட்டார். “சக்கர கொறைஞ்சிக்கினு இருக்குது. எங்க வூட்டுக்காரருக்கும் இப்பிடித்தான் வரும்” என்றார். கொஞ்ச நேரத்தில் அண்ணனுக்கு நினைவு தெளிந்தது.

“யாருக்காச்சும் அடி பட்டுச்சா?”

“இல்லண்ணா.”

“ஏறச் சொல்லு. பின்னால அடுத்த வண்டி வந்துடப் போவுது” என்று எழப் பார்த்தான். நான் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தேன்.

அவனுக்குச் சர்க்கரை நோய் இருப்பது ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் தெரிந்தது, அண்ணிக்குக்கூட அதுவரை தெரியாது. மாத்திரை போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு ஓட்டியிருக்கிறான். ஆஸ்பத்திரிக்கு முதலாளி ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். அவனிடம் நலம் விசாரித்துவிட்டு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

“அண்ணன் தம்பின்னா ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குவீங்கன்னுதான் ஒரே வண்டியில போட்டேன்” என்றார். பிறகு, “இனிமே அவன் ஓட்ட வேணாம். ஷெட்டுல இருக்கட்டும். நீயே சொல்லிடு” என்றார்.

அவர் சொல்ல வேண்டியதை நான் சொல்ல வேண்டியதாயிற்று. கட்டிலருகே போய் நின்றேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான்.

“இனிமே வண்டி வேணாமாமா?”

“ஷெட்டுல இருன்னாரு.”

“அவரா சொன்னாரா, நீ சொல்லச் சொன்னியா?”

“அவருதாண்ணா.”

“ஆங்” என்றான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு தணிந்த குரலில் சொன்னான். “கொஞ்ச நாளாவே சாயங்காலத்துல ரோடு மங்கலாத்தான்டா தெரிஞ்சிச்சு. யாருகிட்ட சொல்றது?”

தினமும் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தவன் நான்.

அதற்குப் பிறகு பேசினோம், ஆனால் பழைய மாதிரி இல்லை. அவன் ஷெட்டில் டயருக்குக் காற்றுப் பார்த்தான், தண்ணீர் ஊற்றினான். புது டிரைவர் சின்ன வயது, எதற்கும் ஹாரன் அடிப்பான். பயணிகள் அண்ணனை விசாரிப்பார்கள். “இருக்குறாரு” என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஷேர் ஆட்டோக்கள் பெருகின. வண்டியில் சீட்டுகள் காலியாகப் போயின. முதலாளி வண்டிகளைப் பெர்மிட்டோடு வேறொருவருக்கு விற்றார். புது ஆள் தன் ஆட்களையே வைத்துக்கொண்டார். அண்ணனுக்கும் எனக்கும் ஒரே நாளில் வேலை போனது.

அந்த வாரத்தில் ஒரு நாள், அரக்கோணத்தில் ஒரு கடையில் ஆள் கேட்கிறார்கள் என்று சொல்வதற்காக அவன் வீட்டுக்குப் போனேன். பகல் நேரம். அண்ணன் கூடத்தில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தான்.

“எழுப்பாதீங்க தம்பி. நாலு நாளா இப்பிடித்தான், சாப்புடறாரு, தூங்கறாரு. கல்யாணம் ஆனதிலிருந்து இவரு பகல்ல தூங்கி நான் பாத்ததில்ல” என்றார் அண்ணி.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கடை விஷயத்தை அவன் எழுந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. கால்களை நீட்டினேன். எப்போது கண் அசந்தேன் என்று தெரியவில்லை.